உலகம் ஒரு ரவுண்டு: பூட்டிய வீடுகளைத் திறந்த ஊர்!

தெருமுனைக்குக் குப்பை வண்டி வந்துவிட்டது என்பது நமக்கெல்லாம் பாட்டுச் சத்தத்தில் தெரியும். இத்தாலியில் ரியாச்சே என்று ஓர் ஊர். அங்கே பல வருடங்கள் அது குளம்புச் சத்தத்தில்தான் தெரிந்தது. முதுகின் இரண்டு பக்கமும் தொட்டி கட்டிய கழுதைகள், படி படியாக ஏறும் சந்துகளில் வீடு வீடாக நின்று குப்பை வாங்கிப் போகும். பிடித்துக்கொண்டு வருபவர் உள்ளூர்க்காரராகவும் இருப்பார், கடல் கடந்து வந்த அகதியாகவும் இருப்பார். குப்பை அள்ள கூட்டுறவுச் சங்கம் அமைத்தபோது இரண்டு தரப்பையும் கலந்தே அமைத்திருந்தார்கள்.

கழுதை எதற்கு என்றால், விஷயம் ரொம்ப எளிது. அந்தச் சந்துகளில் லாரி நுழையாது!

ஆனால், இதே கழுதைகள் பின்னாளில் ஒரு மேயரை வீட்டுக் காவலில் வைக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விட்டன. அந்தக் கதைக்கு வரும் முன் ஊரைப் பார்த்துவிடலாம்.

இத்தாலியின் வரைபடம் ஒரு பூட்ஸ் மாதிரி இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த பூட்ஸின் முன்பாதம்தான் கலாப்ரியா மாகாணம். நாட்டிலேயே ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. அதன் கிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது ரியாச்சே. கடற்கரையில் ஒரு பாதி, சில கிலோமீட்டர் தள்ளி மலை மேல் பழைய ஊர் ஒரு பாதி. கடற்கரைப் பக்கம் ஓரளவு பிழைத்துக்கொண்டது. மலை மேல் இருந்த பழைய ஊர்தான் பாவம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலாப்ரியாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். சிலர் வடக்கே டூரின், மிலான் தொழிற்சாலைகளுக்கு. சிலர் அர்ஜென்டினா, கனடா, ஆஸ்திரேலியா. முதலில் பையன்கள் போனார்கள், பிறகு கல்யாணம் ஆன பெண்கள் போனார்கள், கடைசியில் அப்பா அம்மாவையும் அழைத்துப் போனார்கள். வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்தார்கள். பாட்டியும் போய்ச் சேர்ந்த பிறகு சாவி யாரிடம் என்பதே தெரியாமல் போனது. கூரை இடிந்தது. பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடியது. வாங்க ஆள் இல்லாமல் கடைகள் மூடின. 1990-களின் முடிவில் மேல் ஊரில் மிஞ்சியது சில நூறு பேர். அதிலும் பெரும்பாலும் வயதானவர்கள்.

கடல் கொண்டுவந்தது

இந்த ஊருக்குக் கடல் ஏற்கெனவே ஒரு முறை பரிசு கொடுத்திருக்கிறது. 1972 ஆகஸ்ட்டில் கரைக்குக் கொஞ்ச தூரத்தில் முக்குளித்த ஒருவர், மணலுக்குள் இருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தோண்டிப் பார்த்தால் இரண்டு ஆள் உயர வெண்கலச் சிலைகள். கி.மு. 5-ம் நூற்றாண்டு கிரேக்க வீரர்கள். 'ரியாச்சே வெண்கலங்கள்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றுவிட்டன. ஆனால், சிலைகள் இருப்பது ரெஜ்ஜோ கலாப்ரியா நகர அருங்காட்சியகத்தில். பார்க்க வருபவர்கள் டிக்கெட் எடுப்பதும், தங்குவதும், சாப்பிடுவதும் அங்கேதான். ரியாச்சேவுக்கு மிஞ்சியது பெயர் மட்டும்.

26 வருடம் கழித்து, 1998 ஜூலை 1 அன்று, அதே கரையில் ஒரு படகு ஒதுங்கியது. அதில் இருந்தவர்கள் குர்து இன மக்கள். சுமார் 200 பேர். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். துருக்கி, இராக் பக்கம் நடந்த ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வந்தவர்கள். ரியாச்சேவுக்கு வரவேண்டும் என்று அவர்கள் கிளம்பவில்லை. காற்று அடித்த பக்கம் படகு வந்தது, அவ்வளவுதான்.

அப்போது அந்த வழியாக வந்த உள்ளூர்க்காரர்களில் ஒருவர் டொமெனிகோ லுகானோ. ஊரில் எல்லோருக்கும் 'மிம்மோ'. 1958-ல் பிறந்தவர், வேதியியல் ஆசிரியர். பிழைப்புக்காக வடக்கே போய்த் திரும்பி வந்தவர். கரையில் நின்றவர்களை அவரும் ஊர்க்காரர்கள் சிலரும் மேல் ஊருக்கு அழைத்துப் போனார்கள். அங்கே திருவிழாவுக்கு வரும் யாத்ரீகர்கள் தங்க ஒரு விடுதி உண்டு. அதைத் திறந்து விட்டார்கள். வீடுகளிலிருந்து போர்வையும் சாப்பாடும் வந்தன.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ரியாச்சேவின் காவல் புனிதர்கள் கோஸ்மா, தமியான். இரட்டையர்கள், அரபு நாட்டில் பிறந்த மருத்துவர்கள், ஏழைகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர்கள் என்பது நம்பிக்கை. ஒவ்வொரு செப்டம்பர் மாதக் கடைசியிலும் நடக்கும் அவர்களின் திருவிழாவுக்கு, ஐரோப்பாவில் பல ஊர்களில் கதவைச் சாத்திக்கொள்ளும் ரோமா நாடோடி மக்கள், தெற்கு இத்தாலி முழுவதிலிருந்தும் வந்து தேரோடு ஆடிப் பாடிப் போவார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதாவது, வெளியூர் முகம் ஊருக்குள் படுத்து எழுவது ரியாச்சே பாட்டிகளுக்குப் புதிதல்ல. 1998-ல் அந்த விடுதியின் கதவு அவ்வளவு சுலபமாகத் திறந்ததற்கு இந்தப் பழக்கத்துக்கும் பங்கு இருக்கத்தான் செய்யும்.

வந்த குர்துகளில் பெரும்பாலானவர்கள் சில மாதங்களில் சொந்தக்காரர்களைத் தேடி ஜெர்மனி பக்கம் போய்விட்டார்கள். மிம்மோ மனதில் மட்டும் ஒரு கணக்கு ஓடியபடியே இருந்தது. இங்கே ஆள் இல்லாத வீடுகள், அங்கே வீடு இல்லாத ஆட்கள்!

சாவி எங்கே?

1999-ல் நண்பர்களோடு சேர்ந்து 'சித்தா ஃபுத்தூரா' என்ற சங்கத்தை ஆரம்பித்தார். 'எதிர்கால நகரம்' என்று அர்த்தம். பாதி வீடு இடிந்து கிடக்கும் ஊரில் இந்தப் பெயர். ஊர்க்காரர்கள் சிரித்திருந்தால் தப்பு சொல்ல முடியாது.

முதல் வேலை, பூட்டிய வீடுகளின் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிப்பது. போனஸ் அய்ரெஸிலும் டொரன்டோவிலும் இருப்பவர்களைத் தொடர்புகொண்டு, 'உங்கள் வீடு இடிந்துகொண்டிருக்கிறது. நாங்கள் பழுது பார்க்கிறோம். நீங்கள் வரும்வரை ஆட்களைக் குடிவைத்துக்கொள்கிறோம்' என்பதுதான் கோரிக்கை. பலர் சம்மதித்தார்கள். சமூகப் பணிகளுக்குக் கடன் கொடுக்கும் ஒரு வங்கி கடன் கொடுத்தது. லோக்ரி மறைமாவட்டத்தின் அப்போதைய ஆயர் ப்ரெகாந்தினி துணை நின்றார். வீடுகளுக்குக் கூரை போட்டு, சுண்ணாம்பு அடித்து, சிலவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கும் சிலவற்றை அகதிகளுக்கும் ஒதுக்கினார்கள்.

அகதிகளுக்கு வீடு கொடுத்தது பெரிய விஷயமா என்றால், இத்தாலியில் அப்போது பெரிய விஷயம்தான். வழக்கமாக நடப்பது வேறு. ஊருக்கு வெளியே பழைய ராணுவக் கட்டடமோ மூடிய ஹோட்டலோ பார்த்து, நூற்றுக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் அடைத்து, வேளாவேளைக்குப் பொட்டலம் கொடுப்பார்கள். ஊருக்கும் அவர்களுக்கும் பேச்சே இருக்காது. பேச்சில்லாத இடத்தில் வதந்திக்குக் கேட்கவா வேண்டும்! ரியாச்சேவில் ஆப்கான் குடும்பத்துக்கும் எத்தியோப்பியக் குடும்பத்துக்கும் உள்ளூர்த் தெருவிலேயே வீடு. காலையில் ஜன்னல் திறந்தால் எதிர்வீட்டு அம்மா தெரிவார். உப்பு தீர்ந்தால் கேட்கலாம். குழந்தை அழுதால் எட்டிப் பார்ப்பார்கள்.

2004-ல் லுகானோ மேயர் ஆனார். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்து 2018 வரை அந்த நாற்காலியில் இருந்தார். இதற்குள் இத்தாலி அரசு, அகதிகளை ஊராட்சிகள் வழியாகப் பராமரிக்க ஒரு தேசியத் திட்டம் கொண்டுவந்திருந்தது. தோராயமாக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 35 யூரோ. இன்றைய மதிப்பில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல்.

'அகதிகளுக்குச் சும்மா தினமும் 35 யூரோ கொடுக்கிறார்கள்' என்பது இத்தாலியின் டீக்கடைப் பேச்சில் நிரந்தரப் புகார். அவர்கள் கையில் ரொக்கமாகப் போவது சுமார் இரண்டரை யூரோதான். மிச்சம் வீட்டு வாடகை, சாப்பாடு, மொழி வகுப்பு, மருத்துவம், வேலை பார்ப்பவர்களின் சம்பளம். ரியாச்சே செய்த கெட்டிக்காரத்தனம், இந்த மிச்சப் பணம் ஊரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டது. வெளியூர் கான்ட்ராக்டரிடம் பொட்டலச் சாப்பாடு வாங்கவில்லை. அந்தந்தக் குடும்பம் உள்ளூர்க் கடையில் மளிகை வாங்கித் தன் வீட்டில் சமைத்தது. மொழி சொல்லிக்கொடுக்க, ஆபீஸ் வேலை பார்க்க, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் இளைஞர்களை வேலைக்கு எடுத்தார்கள். வடக்கே ரயில் ஏறியிருக்க வேண்டிய பிள்ளைகள் ஊரிலேயே சம்பளம் வாங்கினார்கள்.

நோட்டில் காந்தி!

எல்லாம் சரி, பணம் நேரத்துக்கு வர வேண்டுமே? ரோமிலிருந்து வர வேண்டிய தொகை மாதக்கணக்கில் தாமதமாகும். அதுவரை பிள்ளைக்குப் பால் வாங்குவது எப்படி?

நம் ஊர் அண்ணாச்சி கடையில் பற்று நோட்டு இருக்குமே, கிட்டத்தட்ட அந்த யோசனைதான். ஊருக்கென்று தனியாகத் தாள் அச்சடித்தார்கள். யூரோவுக்கு ஈடான மதிப்பு, ரியாச்சே கடைகளில் மட்டும் செல்லும். அகதி இந்தத் தாளைக் கொடுத்து ரொட்டி, காய்கறி வாங்குவார். கடைக்காரர் சேர்த்து வைப்பார். அரசுப் பணம் வந்ததும் தாளைக் கொடுத்து நிஜ யூரோ வாங்கிக்கொள்வார். அந்தத் தாள்களில் யார் படம் தெரியுமா? மார்ட்டின் லூதர் கிங், சே குவேரா... கூடவே நம் காந்தி!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைக்காரர் அந்தத் தாளை வாங்க வேண்டும் என்றால் அவருக்கு ஊராட்சி மேல் நம்பிக்கை இருக்க வேண்டும். வாங்குபவர் மேலும் நம்பிக்கை இருக்க வேண்டும். அகதி கையேந்தி நிற்பவராக இல்லாமல் வாடிக்கையாளராகக் கடைக்குள் நுழைகிறார். இரண்டு மாதம் ஒரே கடையில் சாமான் வாங்கினால் யாருக்கு எந்த ரொட்டி பிடிக்கும் என்பது கடைக்காரருக்கே தெரிந்துவிடும். மொழி வகுப்பில் கற்றுக்கொள்வதைவிட கடையில் கற்றுக்கொள்ளும் இத்தாலிய மொழி வேகமாக நாக்கில் ஏறும்.

அதேபோல பட்டறைகள். கலாப்ரியாவில் ஒரு மஞ்சள் பூப் புதரின் நாரை எடுத்துத் துணி நெய்வது பழைய பாட்டி வித்தை. கற்றுக்கொள்ள ஆள் இல்லாமல் வழக்கொழிந்துகொண்டிருந்தது. எம்பிராய்டரி, மண்பாண்டம், கண்ணாடி வேலை எல்லாமும் அப்படித்தான். மூடிக்கிடந்த கடைகளை எடுத்து, ஓர் உள்ளூர்ப் பெண், ஓர் அகதிப் பெண் என்று சேர்த்து உட்கார வைத்தார்கள். ஆப்கான் பெண்ணுக்கு எம்பிராய்டரி சொல்லித்தர வேண்டுமா என்ன? ஊசி பிடிக்கும் கைகளுக்கு மொழி தெரியாதது பெரிய தடையாக இல்லை. செய்த பொருள்களைச் சுற்றுலா வருபவர்கள் வாங்கிப் போனார்கள்.

மேல் ஊரில் பள்ளி திரும்பத் திறந்தது. வகுப்பில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள் என்றாலும், அவர்கள் இல்லாவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் அங்கே பள்ளி கிடையாது என்பது ஊருக்குத் தெரியும். இதைப் புரியவைக்க யாரும் மேடை போட்டுப் பேச வேண்டியிருக்கவில்லை.

ஒரு கட்டத்தில் சுமார் 1,800 பேர் வாழும் ஊரில் 20-க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த அகதிகள் 400-க்கும் அதிகமாக இருந்தார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் 2010-ல் ரியாச்சேவை வைத்து 'இல் வோலோ' என்ற குறும்படம் எடுத்தார். அதே வருடம் உலகின் சிறந்த மேயர் போட்டியில் லுகானோவுக்கு மூன்றாம் இடம். 2016-ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகை உலகின் 50 தலைவர்கள் பட்டியலில் அவரை 40-வது இடத்தில் வைத்தது.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். கலாப்ரியாவில் 'ந்ட்ராங்கெட்டா' என்ற மாஃபியாவின் கை நீளம். 2009-ல் சங்கத்தின் சாப்பாட்டுக் கடைக் கதவில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. லுகானோவின் நாய்கள் விஷம் வைத்துக் கொல்லப்பட்டன.

ஆறு மாதத்தில் ஒருவர் ஊர்க்காரர் ஆகிவிடுவாரா?

உண்மையான சிக்கல் துப்பாக்கியில் இல்லை, ஃபைலில் இருந்தது.

அரசுத் திட்டத்தில் ஒருவர் தங்க ஒரு காலக்கெடு உண்டு. பொதுவாக, அடைக்கலம் கிடைத்த பிறகு ஆறு மாதம், தேவைப்பட்டால் கொஞ்சம் நீட்டிப்பு. அதற்குள் மொழி கற்று, வேலை தேடி, வீடு பிடித்துக் கிளம்பிவிட வேண்டும். காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளூர்ப் பட்டதாரிக்கே வேலை கிடைக்காத கலாப்ரியாவில், போரில் கணவரை இழந்து இரண்டு குழந்தைகளோடு வந்த பெண் ஆறு மாதத்தில் எங்கே போவார்? பள்ளியில் நடு வருடத்தில் இருக்கும் பிள்ளையை எழுப்பி எங்கே அனுப்புவது?

லுகானோ அனுப்பவில்லை. காலக்கெடு முடிந்தவர்களையும் ஊரிலேயே வைத்துக்கொண்டார். 'ஏன் அனுப்பவில்லை' என்று அதிகாரிகள் கேட்டார்கள். கணக்கிலும் ரசீதுகளிலும் ஒழுங்கு இல்லை என்றார்கள். சோதனைக்கு வந்த ஒரு குழு குறையாக எழுதியது, இன்னொரு குழு புகழ்ந்து எழுதியது. இதில் அதிகாரிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பொதுப்பணம் வாங்குகிற இடத்தில் ரசீது கேட்பது குற்றமா? நல்ல மனசு இருந்தால் லெட்ஜர் வேண்டாம் என்ற நினைப்பு ரியாச்சேவில் கொஞ்சம் இருந்தது. அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ரியாச்சேவில் தங்கியிருந்த 26 வயது நைஜீரியப் பெண் ஒருவரின் அடைக்கல மனு நிராகரிக்கப்பட்டது. விதிப்படி திட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். வெளியேறினார். கலாப்ரியாவின் மறுகரையில் சான் ஃபெர்டினாண்டோ என்ற இடத்தில், ஆரஞ்சுத் தோட்டக் கூலிகள் பிளாஸ்டிக் ஷீட்டும் அட்டையும் வைத்துக் கட்டிய குடிசை முகாமில் போய்த் தங்கினார். 2018 ஜனவரி மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு அந்த முகாம் தீப்பற்றியது. அதில் அவர் இறந்துபோனார். ரியாச்சேவை விட்டுப் போய் சில வாரங்கள்கூட முழுதாக ஆகவில்லை.

விதியை மீறி வைத்துக்கொண்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். விதிப்படி போனவர் இல்லை. லுகானோ பின்னாளில் பல மேடைகளில் இந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசினார்.

கைது, தேர்தல், பலகை

2018-ல் இத்தாலியில் ஆட்சி மாறியது. குடியேற்ற எதிர்ப்பையே கொடியாகப் பிடித்த லேகா கட்சியின் மத்தேயோ சல்வினி உள்துறை அமைச்சர் ஆனார். அக்டோபர் 2 அன்று லுகானோ வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அகதிகளுக்காகப் போலித் திருமணம் நடத்த உதவினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. குப்பை அள்ளும் வேலையை டெண்டர் விடாமல் கழுதைச் சங்கங்களுக்குக் கொடுத்தார் என்பது இன்னொன்று. ஆம், ஆரம்பத்தில் பார்த்த அதே கழுதைகள்!

அந்த வாரக் கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள் ரியாச்சேவுக்கு வந்து அவர் ஜன்னலுக்குக் கீழே நின்று கோஷம் போட்டார்கள். இரண்டு வாரத்தில் வீட்டுக் காவல் விலகியது. ஆனால் சொந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு. ஊரார் வீட்டுச் சாவிகளை எல்லாம் தேடி வாங்கியவர், கிட்டத்தட்ட ஒரு வருடம் பக்கத்து ஊரில் குடியிருந்தார்.

ரியாச்சேவுக்கான திட்டம் நிறுத்தப்பட்டது. அகதிகளை வேறு இடங்களுக்கு மாற்ற உத்தரவு வந்தது. பட்டறைகள் பூட்டப்பட்டன. சம்பளம் வாங்கிய உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை போனது. இங்கேதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம் தெரிந்தது. ஒரே குழாயில் வந்த தண்ணீர், குழாயை அடைத்ததும் ஊரே காய்ந்துவிட்டது.

2019 மே மாதம் தேர்தல். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கான வாக்கில் ரியாச்சேவில் முதலிடம் பிடித்தது எந்தக் கட்சி தெரியுமா? சல்வினியின் லேகா! ஊராட்சித் தேர்தலில் கவுன்சிலராக நின்ற லுகானோவும் ஜெயிக்கவில்லை. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. ஊருக்குள் இருந்தவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. கடற்கரைப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு 'எல்லாப் பேரும் புகழும் மேல் ஊருக்குத்தானா' என்ற மனத்தாங்கல் ரொம்ப நாளாக இருந்தது. பணம் நின்றுபோன கோபம் வேறு. பாக்கித் தாள்களைக் கையில் வைத்திருந்த கடைக்காரர் யார் மேல் கோபப்படுவார்? தெரிந்த முகம் மேல்தான்.

ஊர் எல்லையில் 'ரியாச்சே - வரவேற்கும் ஊர்' என்ற பொருளில் ஒரு பலகை இருந்தது. புதிய நிர்வாகம் அதை எடுத்துவிட்டு, 'புனித மருத்துவர்கள் கோஸ்மா, தமியான் ஊர்' என்று புதுப் பலகை வைத்தது. அந்தப் புனிதர்களும் வெளிநாட்டுக்காரர்கள்தானே என்று யாராவது கேட்டார்களா, தெரியாது.

வழக்கு நீண்டது. 2021 செப்டம்பர் 30-ம் தேதி லோக்ரி நீதிமன்றம் லுகானோவுக்கு 13 வருடம் 2 மாதம் சிறைத் தண்டனை விதித்தது. அரசுத் தரப்பு வக்கீல் கேட்டதே 7 வருடம் 11 மாதம்தான்! 2023 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரிய குற்றச்சாட்டுகளை எல்லாம் தள்ளுபடி செய்தது. மிஞ்சியது ஓர் ஆவணம் தொடர்பான ஒரே ஒரு குற்றம். தண்டனை 18 மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. இடையில் 2020-ல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், ரியாச்சேவின் திட்டத்தை அரசு நிறுத்தியதே சட்டப்படி சரியில்லை என்று தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்தபோது வீடுகள் காலியாகி ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. கலைந்து போன குடும்பங்களைத் தீர்ப்பு திரும்பக் கூட்டி வருமா?

எல்லோரும் போகவில்லை. உத்தரவு வந்தும் சில குடும்பங்கள் 'இதுதான் எங்கள் ஊர்' என்று அரசு உதவி இல்லாமலே தங்கிவிட்டன. அவர்களுக்காக 2019-ல் நன்கொடையாளர்கள் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதன் பெயர் 'எ ஸ்தாத்தோ இல் வென்தோ'. தமிழில், 'காற்று செய்த வேலை'. 1998-ல் படகைக் கரைக்குத் தள்ளிய அதே காற்று. இந்த முறை அரசுப் பணத்தை நம்பாமல், நன்கொடையில் பட்டறைகளையும் வீடுகளையும் சின்ன அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள்.

2024 ஜூனில் மறுபடி தேர்தல். ஒரே நேரத்தில் லுகானோ ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் ரியாச்சே மேயராகவும் ஜெயித்தார். ஐந்து வருடம் முன்பு கவுன்சிலர் பதவிகூடக் கொடுக்காத அதே ஊர்! 2025 பிப்ரவரியில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அந்த 18 மாதத் தண்டனையை உறுதி செய்ய, அவர் மேயராகத் தொடரலாமா என்ற கேள்வி மீண்டும் கோர்ட் படி ஏறியது.

இத்தனை கலாட்டாவுக்கு நடுவே, பக்கத்து மலையில் கமினி என்று இன்னும் சின்ன ஊர் ஒன்று இருக்கிறது. அங்கேயும் ஒரு கூட்டுறவுச் சங்கம் பூட்டிய வீடுகளைப் பழுதுபார்த்து சிரியா, ஆப்பிரிக்கக் குடும்பங்களைக் குடிவைத்தது. பட்டறை, மொழி வகுப்பு எல்லாம் ரியாச்சே பாணிதான். சங்கத்தின் பெயர் 'யுங்கி முந்து', உலகத்தை இணை என்று உள்ளூர் மொழியில் அர்த்தம். மேயர் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. உலகத் தலைவர்கள் பட்டியலிலும் இல்லை, கோர்ட்டிலும் இல்லை. ஆள் இல்லாமல் போயிருந்த அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, சிரியப் பிள்ளைகளும் கலாப்ரியப் பிள்ளைகளும் சேர்ந்து புத்தகப் பை மாட்டிப் போகிறார்கள்.